சிரம்பான் கத்தோலிக்க இடைநிலைப்பள்ளிகளில் சமூகப் பாடங்கள்: ரஹாங் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகிய மூன்றும் பள்ளிக்கல்வியில் சமூகப் பாடங்கள் என்னும் தொகுதியுள் அடங்குவன. அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் இவை ஒருங்கே திரட்டப்பெற்று ஒரே துறையாகக் கற்பிக்கப்படுதல் உண்டு. மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. வரலாற்றுக்கு ஒரு நூல், புவியியலுக்கு ஒரு நூல், குடிமையியலுக்குச் சில பாடவேளைகள் எனத் தனித்தனியே அவை நடத்தப்பெற்றன. ஆயினும் மூன்றின் நோக்கமும் ஒன்றுதான். நீ வாழும் நாடு எது, அது எவ்வாறு உருவாயிற்று, அதில் உனக்குரிய இடம் யாது என்னும் வினாக்களுக்கு மாணவனுக்கு விடையளிப்பதே அந்நோக்கம்.

தோட்டத்து லயத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு மூன்றாம் வினாவே கடினமானது. கத்தோலிக்கத் திருச்சபை நிறுவிய இடைநிலைப்பள்ளிகளின் வகுப்பறையில் அவ்வினாவுக்கு எத்தகைய விடை கிடைத்தது என்பதைச் சிரம்பானை ஒட்டிய ரஹாங் வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம். மிஷன் பள்ளிகள் தமிழ்ப் பிள்ளைகளைத் தம் வேரினின்றும் பிரித்துவிட்டன என்று கூறுவாரும், அவையே நம் பிள்ளைகளைக் கரையேற்றின என்று கூறுவாரும் நம்மிடையே உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் சமூகப் பாடங்களைப் பொறுத்தவரை, தோட்டம் பாடத்தில் இடம்பெறாமற் போனதற்குப் பள்ளியின் சமயத்தைக் காட்டிலும் அது ஏற்றுக்கொண்ட தேர்வுமுறையே காரணம் என்பது நம் கருத்து. அதற்கான சான்றுகளைப் பின்வரும் பகுதிகளில் நோக்குவோம்.

ரஹாங்கும் சுங்கை ஊஜோங்கும்

ரஹாங் இன்று சிரம்பான் நகரின் ஒரு பகுதியாகவே விளங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதி முழுவதும் சுங்கை ஊஜோங் எனப்பட்டது. ராசாவில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. ஈயத்தின் மீதான வரியை யார் பெறுவது என்பதில் டத்தோ கெலானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் இடையே பிணக்கு மூண்டது. 1874-இல் டத்தோ கெலானா சையத் அப்துல் ரஹ்மான் பிரிட்டிஷாரின் பாதுகாப்பை ஏற்றார். அவ்வாண்டின் இறுதியில் போர் நிகழ்ந்தது. டத்தோ பண்டார் குலோப் துங்கால் தோல்வியுற்றார். மலாயா வரலாற்று நூல்கள் அனைத்தும் இச்செய்தியைக் கூறுவன. பங்கோர் உடன்படிக்கை நிகழ்ந்த ஆண்டும் அதுவேயாதலின் தேர்வில் இரண்டையும் இணைத்து வினவுதல் எளிது.

பாடநூல் இங்கு நின்றுவிடுகின்றது. அல்லது பேராக்கிற்கும் சிலாங்கூருக்கும் சென்றுவிடுகின்றது. அதன்பின் சுங்கை ஊஜோங்கில் நிகழ்ந்தவை தமிழர்க்கு மிக நெருக்கமானவை. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காப்பி பயிரிடத் தொடங்கினர். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில்பாதை 1891-இல் திறக்கப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் விலை வீழ்ந்தது. காப்பி நின்ற நிலங்களில் இரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டன. 1905-ஐ ஒட்டி எழுந்த இரப்பர் விலையேற்றம் நெகிரி செம்பிலானின் முகத்தை மாற்றியது. காட்டை அழித்தல், பாதை வெட்டுதல், தண்டவாளம் பதித்தல், மரம் சீவுதல் ஆகிய அனைத்துக்கும் தமிழகத்தினின்று ஆட்கள் கொணரப்பட்டனர். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு முடிவு கட்டப்பட்டுக் கங்காணி முறை ஓங்கியது. இந்திய அரசு 1938-இல் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அது நீடித்தது.

லாபு, ரந்தாவ், சிரம்பான் தோட்டம் எனச் சிரம்பானைச் சூழ்ந்து தோட்டங்கள் அமைந்தன. இத்தோட்டங்களின் பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி வேண்டுமெனில் நகரத்துக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை. இன்றுள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களே இவ்வரலாற்றைச் சொல்லும். லோபாக் சாலைத் தமிழ்ப்பள்ளி, லோரோங் ஜாவா தமிழ்ப்பள்ளி, சிரம்பான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்பனவற்றோடு கான்வெண்ட் தமிழ்ப்பள்ளி என்ற ஒன்றும் சிரம்பானில் உண்டு. கன்னியர் மடத்தின் பெயரைத் தமிழ்ப்பள்ளி தாங்கிநிற்பது, திருச்சபையின் கல்விப்பணி ஆங்கிலத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று.

மிஷன் பள்ளியும் அரசு மானியமும்

சிரம்பானில் கத்தோலிக்கத் திருச்சபையின் இரு பெரும் ஆங்கிலப்பள்ளிகள் எழுந்தன. ஆண்களுக்கான செயிண்ட் பால் கல்விக்கழகம் 1899-இலும் பெண்களுக்கான கான்வெண்ட் பள்ளி 1904-இலும் தொடங்கப்பட்டன. பின்னது, 1852 முதல் பினாங்கில் பணியாற்றிவந்த குழந்தை இயேசு சபைக் கன்னியரின் பள்ளித்தொடரைச் சேர்ந்தது.

இப்பள்ளிகள் அரசு மானியம் பெற்று நடந்தன. மானியம் வேண்டுமாயின் கல்வி அலுவலரின் மேற்பார்வையை ஏற்கவேண்டும். பாடத்திட்டம் அரசினதாக இருக்கவேண்டும். மாணவர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு அமரவேண்டும். மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமே. ஏனையோர் அந்நேரத்தில் நன்னெறி வகுப்பில் அமர்ந்தனர். ஆகவே ஒரு பிள்ளை சைவக் குடும்பத்தினின்று வந்தாலும் கத்தோலிக்கக் குடும்பத்தினின்று வந்தாலும் வரலாற்று வகுப்பில் அது கேட்டது ஒன்றே. அதே ஊரிலிருந்த அரசுப்பள்ளியாகிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளியில் கேட்டதும் அதுவே.

கத்தோலிக்கப் பள்ளிக்குச் சமூகப் பாடத்தில் சொந்தமாக ஏதுமே இல்லையா என்னும் வினா எழலாம். இருந்தது. சுங்கை ஊஜோங் இரயில்பாதை திறக்கப்பட்ட அதே 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கு வாழ்வதற்குப் போதிய ஊதியம் வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்பன அம்மடலின் அடிப்படைக் கருத்துகள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கர்தின் என்னும் குரு இளம் தொழிலாளரிடையே ஓர் எளிய முறையை வளர்த்தெடுத்தார். உன்னைச் சுற்றியுள்ளதைப் பார். அது சரியா என்று ஆராய்ந்து முடிவுசெய். பின் செயலாற்று என்பதே அது. 1961-இல் இருபத்துமூன்றாம் யோவான் தம் ‘மாத்தெர் எத் மாஜிஸ்த்ரா’ சுற்றுமடலில் இம்முறையைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். சமூகப் பாடத்தைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான முறை வேறொன்றைக் காண்பது அரிது. தோட்டங்கள் சூழ்ந்த சிரம்பான் போன்ற ஊரில் அதற்குரிய பாடப்பொருள் சாலையின் இருமருங்கிலும் நின்றுகொண்டிருந்தது. ஆனால் இம்முறை மாணவர் இயக்கங்களின் மாலைநேரக் கூட்டங்களுக்கு உரியதாகவே கருதப்பட்டது. பகல்நேர வகுப்பறையைத் தேர்வே ஆண்டது.

பேரரசின் வரலாறு

போருக்கு முந்திய கேம்பிரிட்ஜ் தேர்வில் வரலாறு என்பது பெரும்பாலும் இங்கிலாந்தின் வரலாறும் பிரிட்டிஷ் பேரரசின் வரலாறுமேயாகும். மலாயா அதில் ஒரு குடியேற்ற நாடாகவே தோன்றும், இந்தியாவும் அவ்வாறே. ஆகவே தமிழ் மாணவன் தன் முன்னோரின் நாட்டையும் தான் பிறந்த நாட்டையும் ஒருசேரப் பேரரசின் பலகணி வழியாகவே நோக்கினான்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் நிலைமை வேறு வகையில் இதுவே. 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்கவேண்டும் என விதித்தது. பள்ளி அமைந்தது, நூல்கள் சென்னையினின்று வந்தன. அவற்றில் காவிரியும் வைகையும் ஓடின. லிங்கி ஆறு ஓடவில்லை. தமிழ்ப்பள்ளியில் தான் காணாத தமிழகத்தையும் ஆங்கிலப்பள்ளியில் தான் காணாத இங்கிலாந்தையும் கற்ற பிள்ளைக்கு, நாள்தோறும் காணும் தோட்டம் ஏட்டில் ஏறத்தக்க பொருளன்று என்ற எண்ணம் ஏற்பட்டிருப்பின் வியப்பில்லை.

ஆசிரியர் யார் என்பதும் கருதத்தக்கது. மலாயாவின் ஆங்கிலப்பள்ளிகளில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் கணிசமாகப் பணியாற்றினர். சிரம்பானில் இரயில்வே அலுவலகத்தையும் அரசாங்க அலுவலகங்களையும் சார்ந்த யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. மொழியால் தமிழராயினும் அவர்க்கும் பால்மரத் தொழிலாளிக்கும் இடையே இருந்த தொலைவு சிறிதன்று. நகரத்துக் கிராணியின் மகனும் தோட்டத்துத் தொழிலாளியின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்தபோது, ஒருவனுக்குப் பழக்கமான உலகமே பாடநூலில் இருந்தது, மற்றவனுக்கு இல்லை. தமிழர் கல்வி வரலாற்றை எழுதுவோர் இவ்வகுப்பு வேறுபாட்டை மிக மென்மையாகவே தொட்டுச் செல்கின்றனர் என்பது நம் குறை.

புகுமுக வகுப்பும் 1965-ஆம் ஆண்டும்

விடுதலைக்கு முன்னர்த் தோட்டப் பிள்ளை இடைநிலைப்பள்ளியை எட்டுவது அரிது. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை எல்லா மொழிப்பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வலியுறுத்தியது. மலாயாவை நடுவாகக் கொண்ட வரலாறும் புவியியலும் அதன்பின்னரே உரிய இடம்பெற்றன. 1960-இன் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961-இன் கல்விச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. இச்சட்டத்தின்கீழ் மிஷன் பள்ளிகள் முழு உதவிபெறும் பள்ளிகளாயின. பதினைந்து முஸ்லிம் மாணவர் பயிலும் பள்ளியில் இஸ்லாமியச் சமயக்கல்வி அளிக்கப்படவேண்டும் என்னும் விதியும் அவற்றுக்குப் பொருந்தியது.

ஆயினும் ஆறாம் ஆண்டின் இறுதியில் நடந்த இடைநிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு பெரும்பாலான பிள்ளைகளை வடிகட்டி வெளியே நிறுத்தியது. 1965-இல் அத்தேர்வு நீக்கப்பட்டு அனைவருக்கும் மூன்றாம் படிவம் வரையிலான கல்வி திறந்துவிடப்பட்டது. ரஹாங் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றில் இதனை ஒரு திருப்புமுனை எனலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளைகள் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் ஆங்கிலம் பயின்றபின் முதலாம் படிவத்தில் அமர்ந்தனர்.

ஓராண்டு என்பது மிகக் குறைந்த காலம். கணக்கை எண்ணால் சமாளிக்கலாம். அறிவியலைப் படத்தால் சமாளிக்கலாம். வரலாறோ முழுவதும் சொல்லால் ஆனது. உடன்படிக்கை, இறையாண்மை, ஆலோசகர், கூட்டரசு போன்ற கலைச்சொற்களை ஆங்கிலத்தில் முதன்முறையாகச் சந்தித்த பிள்ளை அவற்றை மனப்பாடம் செய்தது. ஏனெனில் வேறு வழி தோன்றவில்லை. ஆசிரியர் கரும்பலகையில் குறிப்பெழுதுவதும் மாணவர் அதனைப் படியெடுப்பதும் அக்கால வரலாற்று வகுப்பின் நடைமுறை. அதனைக் குறைகூறுவோர், நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவரையும் மூன்றாண்டில் வரவிருக்கும் கீழ்நிலைச் சான்றிதழ்த் தேர்வையும் எதிர்நோக்கிய ஆசிரியரின் நிலையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அக்காலத்தில் மலாயா வரலாற்றுக்குப் பாடநூல்கள் வந்துவிட்டன. ஜோகிந்தர் சிங் ஜெஸ்ஸி எழுதிய மலாயா வரலாறு 1961-இல் வெளிவந்தது. 1400 முதல் 1959 வரையிலான செய்திகளை அது கூறுகின்றது. மலாக்காவின் எழுச்சி, 1511-இல் போர்த்துக்கீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1786-இல் பினாங்கு, 1874-இல் பங்கோர், 1895-இல் கூட்டரசு, 1957-இல் விடுதலை என்ற வரிசை பல தலைமுறை மாணவரின் நினைவில் பதிந்தது. பேரரசின் வரலாற்றோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றம். எனினும் அரசர், ஆளுநர், உடன்படிக்கை ஆகியவற்றின் வரலாறாகவே அது அமைந்தது. உழைத்தோர் அதில் ஒரு தொடரில் வந்து மறைவர்.

புவியியல் வகுப்பில் பால்மரம்

இவ்வகையில் புவியியல் சற்றே வேறுபட்டது. இரப்பரைக் கூறாமல் மலாயாவின் புவியியலைக் கூற இயலாது. பிரேசிலினின்று விதை வந்த வரலாறு, தேவையான மழையளவு, வடிகால் வசதியுள்ள மேட்டுநிலம், மேற்குக் கரையோர இரயில்பாதையை ஒட்டித் தோட்டங்கள் அமைந்த காரணம் முதலியன பாடத்தில் இடம்பெற்றன. தோட்டத்துப் பிள்ளை ஆசிரியரைவிட மிகுதியாக அறிந்திருந்த ஒரே பாடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அப்பிள்ளை அறிந்தது யாது? இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர்கொடுக்க வேண்டும். வெயிலேறினால் பால் வடிவது குறையுமாதலின் விடியலிலேயே நிரையில் இறங்கவேண்டும். பட்டை காயப்படாமல் சாய்வாகச் சீவவேண்டும்; ஆழ்ந்தால் மரம் கெடும், மேலாகச் சீவினால் பால் வராது. மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி எடுப்பிக்க வேண்டும். மங்கில் உறைந்ததும் வெட்டுவாயில் ஒட்டியதும் தனியே சேர்க்கப்படும். ஒட்டுப்பாலுக்குத் தனி விலை. மழை பெய்தால் வேலையில்லை. வேலையில்லையெனில் அன்றைய கூலி ஐயத்துக்குரியது. விடுமுறையில் தாய்க்குத் துணையாக மங்கு துடைத்த பிள்ளைக்கு இவை அனைத்தும் கைவந்த அறிவு. (தேர்வுத்தாளைத் திருத்துபவர்க்கு ஒட்டுப்பாலின் மணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.)

பாடநூலுக்கு வேண்டியது உற்பத்தியளவும் ஏற்றுமதித் துறைமுகமும் மட்டுமே. இரப்பரின் விலைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு புவியியலில் இல்லை. அது வரலாற்றிலும் இல்லை. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையை ஏற்று, 1962-இல் மக்சாய்சாய் விருதும் பெற்றார். அவர் பணி தொடங்கிய மாநிலத்தின் தலைநகரில் பயின்ற மாணவர்க்கு அவர் பாடமாக அமையவில்லை. 1950-களில் தொடங்கி ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதும், அதனால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்ததும், அதற்கு எதிர்வினையாகத் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததும் அதே காலத்தில் நிகழ்ந்தவை. பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்கப்பட்டது என்பதைவிடச் சிறந்த பொருளியற் புவியியல் பாடம் வேறு உண்டோ என நாம் வினவலாம்.

குடிமையியலும் சிவப்பு அட்டையும்

இக்கட்டுரையின் மையப்பகுதி இதுவே. விடுதலை நாளன்றோ அதற்குப் பின்னரோ இந்நாட்டில் பிறந்த பிள்ளை, 1957-ஆம் ஆண்டின் அரசியலமைப்புப்படி பிறப்பால் குடியுரிமை பெற்றது. பெற்றோருள் ஒருவரேனும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உடையவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை 1962-இல்தான் சேர்க்கப்பட்டது. தமிழகத்தினின்று வந்த தந்தையின் நிலை வேறு. வசிப்புக்காலம், நன்னடத்தை, மலாய்மொழி அறிவு ஆகியவற்றை மெய்ப்பித்து அவர் விண்ணப்பிக்கவேண்டும். பலர் விண்ணப்பித்தனர். பலர் விண்ணப்பிக்கவில்லை. படிவத்தை நிரப்பத் தெரியாமை, அலுவலகத்துக்குச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க நேர்தல், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம், பிறப்புப் பத்திரம் இல்லாமை எனக் காரணங்கள் பல. ஆகவே ஒரே லயத்து வீட்டில் பிள்ளை குடிமகனாகவும் தந்தை சிவப்பு அடையாள அட்டை உடையவராகவும் வாழ்ந்தனர். குடிமகனுக்குரியது நீல அட்டை.

1957-இன் இறுதியில் தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். 1964-இல் அது தமிழ்ப்பள்ளியில் சேர்கின்றது. 1970-இல் புகுமுக வகுப்பில் அமர்கின்றது. 1971-இல் முதலாம் படிவம். இதற்கிடையே நாட்டில் நிகழ்ந்தவை யாவை? 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1969 முதல் குடியுரிமையற்றோர் வேலைசெய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்ற நிலை வந்தது. தோட்டங்கள் கலங்கின; பல்லாயிரம் இந்தியர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். 1969 மே 13-இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. 1970 ஆகஸ்டு 31-இல் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டில் அப்பிள்ளை குடிமையியல் வகுப்பில் அமர்ந்து குடிமகனின் உரிமைகளையும் கடமைகளையும் கற்றது. ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை ஒப்பித்தது. அரசியலமைப்பை மதித்தல் அவற்றுள் ஒன்று. வீட்டில் தந்தைக்கு வேலை அனுமதி கிடைக்குமா என்பதே பேச்சு. பாடத்தில் இருந்த சட்டமும் வீட்டுக்குள் நுழைந்த சட்டமும் ஒன்றே என்பதை அப்பிள்ளைக்கு எடுத்துரைக்க ஆசிரியர் ஒருவர் முன்வந்திருந்தால், அவ்வகுப்பைப்போலப் பயனுள்ள வகுப்பு வேறொன்று இருந்திருக்க இயலாது. அவ்வாறு எடுத்துரைப்பது எளிதன்று என்பதையும் நாம் மறக்கவில்லை. கலவரத்துக்குப் பின் குடியுரிமை குறித்துப் பொதுவில் வினவுவதே நிந்தனைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாக்கப்பட்டது. ஆசிரியர் வாய்திறக்க அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. படிவம் நிரப்பும் முறையைக் கற்பிக்க அச்சட்டம் தடையன்று. குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பக் கற்ற மாணவன் தன் தந்தைக்கு மட்டுமன்றி லயம் முழுமைக்கும் பயன்பட்டிருப்பான். குடியுரிமை ஆவணமின்மை 2000-க்குப் பின்னும் மலேசிய இந்தியரிடையே தீராத சிக்கலாகத் தொடர்ந்தது என்பதை நோக்க, தவறிய வாய்ப்பின் அளவு புலனாகும்.

மிஷன் பள்ளியின் தன்மையும் இதே காலத்தில் மாறியது. அசீஸ் ஆணையம் 1971-இல் அளித்த அறிக்கையை ஒட்டி உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் அரசுப் பணியாளராகும் வழி ஏற்பட்டது. நிலமும் கட்டடமும் திருச்சபையினுடையனவாகவே இருந்தன. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் அமைச்சின் கைக்குச் சென்றன. 1976-இல் முதலாம் படிவம் மலாய்மொழிக்கு மாறியது. தமிழ்ப்பள்ளியினின்று வந்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாற்றாக மலாய்மொழியை ஆழ்ந்து கற்றது. வரலாறு மீண்டும் புதிய மொழியில் தொடங்கியது.

தனிநாயக அடிகளின் சான்று

கத்தோலிக்கப் பள்ளியும் தமிழும் பொருந்தா என்பாருக்கு நம் இந்திய ஆய்வியல் துறையின் வரலாறே மறுமொழி. 1961 முதல் 1966 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றவர் கத்தோலிக்கக் குருவாகிய சேவியர் தனிநாயக அடிகள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலவழி பயின்ற அவர் இளமையில் தமிழை ஆழ்ந்து கற்றவர் அல்லர். 1940-இல் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் புனித தெரேசா உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியப் பணியேற்றபோதே தமிழைப் புலவரிடம் முறையாகப் பயிலத் தொடங்கினார். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனைகள் குறித்து இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார்.

இதில் நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. கத்தோலிக்க ஆங்கிலப்பள்ளி அவரிடமிருந்து மறைத்ததைக் கத்தோலிக்கத் தமிழ்நாட்டுப் பள்ளி அவருக்கு மீட்டளித்தது. நிறுவனம் ஒன்றே, சூழலும் பாடத்திட்டமும் வேறு. சிரம்பானுக்கும் இது பொருந்தும் என்றே கருதுகின்றோம்.

அவர் துறையை விட்டு நீங்கிய சில ஆண்டுகளுக்குள் மலேசிய இந்தியர் வரலாற்றின் அடிப்படை நூல்கள் வெளிவந்தன. கெர்னியல் சிங் சந்துவின் நூல் 1969-இலும், சின்னப்பா அரசரத்தினம், இரவீந்திர ஜெயின் ஆகியோரின் நூல்கள் 1970-இலும் அச்சேறின. ஜெயினின் நூல் ஒரு தோட்டத்தின் வாழ்வை உள்நின்று காட்டுவது. ஆகவே நாம் மேலே கற்பனை செய்த பிள்ளை முதலாம் படிவத்தில் அமர்ந்த ஆண்டில், தோட்டத்து வரலாறு எழுதப்படவில்லை என்று எவரும் சாக்குக்கூற இயலாது. எழுதப்பட்டிருந்தது, பள்ளிக்குள் வரவில்லை.

1989-க்குப் பின்

இடைநிலைப்பள்ளி ஒருங்கிணைந்த கலைத்திட்டம் 1989-இல் நடைமுறைக்கு வந்தபோது வரலாறு அனைவருக்கும் கட்டாயப் பாடமாயிற்று. இந்தியத் தொழிலாளரின் வருகை, பிரிட்டிஷ் ஆட்சிக்காலப் பொருளாதார மாற்றம் என்ற இயலில் ஒரு சிறு பகுதியாக இடம்பெற்றது. குடிமையியலும் குடியுரிமைக் கல்வியும் 2005-இல் தனிப்பாடமாக மீண்டது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2013-இல் வந்தது. அதனையொட்டிப் பாடநூலில் சிறுபான்மையினரின் பங்களிப்புக் குறைந்துள்ளது என்ற விவாதமும் எழுந்தது. இலக்கியப் பாடமாக வைக்கப்பெற்ற ‘இந்தர்லோக்’ நாவலில் இந்தியர் சித்திரிக்கப்பட்ட முறை குறித்த எதிர்ப்பும் அக்காலத்ததே; 2011-இன் இறுதியில் அந்நாவல் திரும்பப்பெறப்பட்டது. 2014-இல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாயிற்று.

இவற்றுள் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது, 2013 வரை நடந்த பி.எம்.ஆர். தேர்வையொட்டி மூன்றாம் படிவ மாணவர் தயாரித்த வட்டார வரலாற்றுத் தொகுப்பேடு. தன் ஊரிலுள்ள ஓர் இடத்தையோ கட்டடத்தையோ மனிதரையோ பற்றிச் செய்தி திரட்டி எழுதவேண்டும் என்பது அப்பணி. தேர்வே தோட்டத்துக்கு வழிதிறந்த அரிய வாய்ப்பு அது. பலர் நகர் நடுவிலுள்ள நினைவுச்சின்னத்தையும் அருங்காட்சியகத்தையும் தேர்ந்தனர். அவற்றுக்குக் கையேடு எளிதில் கிடைக்கும். தோட்டத்துக்குக் கையேடு இல்லை, பாட்டியிடம் கேட்கவேண்டும்.

அதற்குள் தோட்டங்களும் மறையத் தொடங்கின. 1990-களின் நடுப்பகுதி முதல் தோட்ட நிலத்தில் சிரம்பான் 2 என்னும் புதுநகர் எழுந்தது. செண்டாயான் பகுதியிலும் இரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. சில தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரை மட்டும் தாங்கி அடுக்குவீடுகளுக்கு இடையே நிற்கின்றன. அப்பள்ளிகளினின்று வரும் பிள்ளை இன்றும் சிரம்பானின் இடைநிலைப்பள்ளிகளில் சேர்கின்றது. அது லயத்தைக் கண்டதில்லை. முன்பு அறிந்தும் எழுதாத தலைமுறை. இப்போது எழுதச் சொன்னாலும் அறியாத தலைமுறை.

ஆயினும் ஆவணங்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. தோட்டத்து அலுவலகத்தின் செக்ரோல் ஏட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் வேலைநாளும் கூலியும் பதியப்பட்டன. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயரும் தொழிலும் காணப்படும். கத்தோலிக்கக் குடும்பமாயின் பங்குக்கோயிலின் திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் உண்டு. பெற்றோர் பெயரும் சாட்சியர் பெயரும் அவற்றில் இடம்பெறும். வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் சிவப்பு அட்டை இருக்கலாம். இந்நான்கையும் ஒருங்கே வைத்தால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாற்றை இரண்டாம் படிவ மாணவனே எழுதிவிட இயலும். செக்ரோல் ஏடுகளே முதலில் அழிவன. தோட்டம் கைமாறும்போது அலுவலகம் காலிசெய்யப்படும். பழைய ஏடுகளை வேண்டுவார் இல்லாதபோது அவை எரிக்கப்படும்.